காசி ரோட்டு வீடு

எங்கள் வீட்டு வாசலில் இறங்கி வடக்கே பார்த்து நடந்துகொண்டே இருந்தால் காசி வந்துவிடும் என்று ஆயா சொல்லும். கதை விடவில்லை. அப்போது அந்த ரோட்டுக்குத் தேசிய நெடுஞ்சாலை 7 என்று பெயர். கன்னியாகுமரியில் கிளம்பி, தொப்பூர் கணவாய் ஏறி, நல்லம்பள்ளி, தருமபுரி, காரிமங்கலம் தாண்டி, பெங்களூர், ஐதராபாத், நாக்பூர், ஜபல்பூர் என்று 2,300 கிலோமீட்டருக்கும் மேலே ஓடி வாரணாசியில் முடியும். 2010இல் சாலைகளுக்கு எண் மாற்றியபோது அது 44 ஆகிவிட்டது. இப்போது காசிக்குப் போவதில்லை, ஸ்ரீநகருக்குப் போகிறது. ஆயா இருந்திருந்தால் இந்த மாற்றத்தை ஒப்புக்கொண்டிருக்காது.

அப்பா அந்த ரோட்டில் லாரி ஓட்டினார். வண்டி அவருடையது இல்லை, டவுனில் இருந்த ஒரு முதலாளியுடையது. 1980களில் அவர் ஏற்றிப்போனது பெரும்பாலும் ஜவ்வரிசி. எங்கள் பக்கத்துக் காடுகளில் பிடுங்கும் குச்சிக்கிழங்கு சேலத்து ஆலைகளில் மாவாகி, மணியாகி, மூட்டையாகி வடக்கே போகும். பாயசத்துக்கும் வத்தலுக்கும் தவிர எங்கள் ஊரில் அதை யாரும் சீண்டமாட்டார்கள். மகாராஷ்டிரத்திலோ ஏகாதசி, நவராத்திரி என்று விரதம் வந்தால் வீட்டுக்கு வீடு ஜவ்வரிசிக் கிச்சடிதான். “அவுங்க பட்டினி கெடக்குறதாலதான் நாம சாப்புடறோம்” என்பார் அப்பா. ஜவ்வரிசி இல்லாத நாளில் பாப்பாரப்பட்டிப் புளி. திரும்பும்போது நாசிக் வெங்காயம், டெல்லி மண்டி ஆப்பிள், துர்காப்பூர் இரும்பு. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் எங்காவது ஒரு புக்கிங் ஆபீஸ் வாசலில் வண்டியைப் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்கும் நாட்கள் நிறைய உண்டு. எங்கள் வீட்டுச் சாமான்கள் எல்லாம் அந்தக் காத்துக் கிடந்த நாட்களில் வாங்கியவை.

நாட்டு ஓடு வேய்ந்த வீடு. ஒரு கூடம், சமையல்கட்டு, அதற்கு மேலே பரண், வெளியே திண்ணை. கூடத்துச் சுவரில் காலண்டர்கள் மட்டுமே பத்துக்குக் குறையாமல் தொங்கும். லாரி ஆபீசுகளில் தை மாதம் சும்மா கொடுப்பவை. நாக்பூர்க் காலண்டரில் கணபதி, கல்கத்தாக் காலண்டரில் நாக்கை நீட்டிய காளி, விஜயவாடாக் காலண்டரில் கனகதுர்க்கை. வருஷம் முடிந்தாலும் கழற்றமாட்டோம். தேதி பார்க்க ஒன்று, சாமி பார்க்க மற்றவை. இந்தி எண்ணையும் வங்காள எண்ணையும் நான் அந்தச் சுவரில்தான் படித்தேன். வங்காள நாலு அசல் நம் எட்டைப் போலவே இருக்கும். ஏழு, ஒன்பதைப் போல இருக்கும்.

இந்த எண் படிப்பு ஒரு பாயின் கதையை அம்பலப்படுத்தியது. கரக்பூரைத் தாண்டி மேதினிபூர்ப் பக்கம் ஒருவகைக் கோரையில் பாய் நெய்வார்கள். மாதூர் என்று அங்கே சொல்வது. நம் பத்தமடைப் பாய்க்குத் தூரத்து உறவு. வெயில் காலத்தில் படுத்தால் முதுகு ஒட்டாது. ஓரங்களில் கருஞ்சிவப்புக் கோடு ஓடும் அப்படி ஒரு பாயை அப்பா தார்ப்பாய்க்குள் சுருட்டிக் கொண்டுவந்தார். எண்பது ரூபாய் போட்டிருந்த பாயைப் பேசிப் பேசி அறுபதுக்கு முடித்ததாக அம்மாவிடம் பெருமை. பாயின் மூலையில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நான் எடுத்துப்போய்க் காளி காலண்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போட்டிருந்த விலையே நாற்பதுதான். கடைக்காரன் கடைசிவரை முகத்தைச் சுளித்துக்கொண்டே, நட்டத்துக்குக் கொடுப்பதுபோல அறுபதை வாங்கிக்கொண்டான் என்று அப்பாவே சொன்னார். அந்தப் பாய்க்கு எங்கள் வீட்டில் ‘அறுவது ரூபாப் பாய்’ என்றே பெயர் நிலைத்தது.

அப்பா பொருள் பார்க்கும் விதம் தனி. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார். வண்டிக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்த மனிதர். மேலே பெயிண்டும் பூவும் யார் வேண்டுமானாலும் போடலாம், அடியில் எவன் ஒழுங்காக வேலை செய்திருக்கிறானோ அவன்தான் தொழில்காரன் என்பது அவர் கணக்கு. அம்மாவின் கணக்கு வேறு. அவள் பொருளை வாங்கி எடை பார்ப்பாள். வாய்க்குள் கை நுழைகிறதா, மூலையில் அழுக்கு சேருமா, ஈரக் கையோடு தூக்கினால் வழுக்குமா என்று பார்ப்பாள். “இத எத்தினி நாளைக்கு வெச்சு கும்புடறது?” என்று அவள் கேட்டுவிட்டால் அந்தப் பொருள் தோற்றுவிட்டது, பரணுக்குப் போய்விடும்.

குர்ஜா ஜாடிகள் முதல் நாளே ஜெயித்தன. டெல்லிக்குத் தென்கிழக்கே புலந்த்சகர்ப் பக்கம் குர்ஜா என்று ஒரு ஊர், ஊரெல்லாம் பீங்கான் சூளை. நீலப் பூப்போட்ட இரண்டு ஜாடிகளை வைக்கோல் சுற்றி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கிளீனர் படுக்கும் பலகையில் வைத்து, கிளீனரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார் அப்பா. அந்தக் கிளீனர் அண்ணன் பல வருஷம் கழித்தும் எங்கள் வீட்டு மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும்போது “எம் படுக்கையில வந்த ஊறுகா” என்று ஒரு தரம் சொல்லாமல் விடமாட்டார்.

பீதர்ச் சொம்பு அப்படி ஜெயிக்கவில்லை. ஐதராபாத்தில் வண்டி ரிப்பேருக்கு நின்றபோது வாங்கியது. துத்தநாகத்தில் கொஞ்சம் செம்பு கலந்து வார்த்து, வெள்ளிக் கம்பியை இழைத்துப் பதித்து, பீதர்க் கோட்டை மண்ணையும் நவச்சாரத்தையும் குழைத்துத் தேய்ப்பார்கள். உலோகம் கன்னங்கரேல் என்று ஆகிவிடும், வெள்ளி மட்டும் வெளுப்பாகவே நிற்கும். அப்பாவுக்கு அந்த மண் விஷயம் பெரிய ஆச்சரியம். மழையும் வெயிலும் படாத கோட்டை மண்தான் சரிப்படுமாம், தொழில்காரர்கள் நாக்கில் வைத்துப் பார்த்து எடுப்பார்களாம். அம்மா அதைக் கரி பிடித்த சொம்பு என்று நினைத்துவிட்டாள். அடுத்த நாள் காலை கிணற்றடியில் புளியும் சாம்பலும் போட்டு ஒரு தேய் தேய்த்தாள். கறுப்பு போய் ஈயச் சாம்பல் நிறத்துக்கு வந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தொட்டு நாள் கணக்காகத் தடவினார். பாதி கறுப்பு திரும்பியது. மீதி, வயதானவர் மீசை மாதிரி நரைத்தே நின்றுவிட்டது.

அக்காவுக்கு வந்தது சென்னப்பட்டணத்துச் சொப்புச் சாமான். பெங்களூரிலிருந்து மைசூர் போகிற வழியில் அந்த ஊர். பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டுப் பக்கத்துப் பட்டறையில் போய் உட்கார்ந்து பார்த்ததை அப்பா விரல்களால் நடித்துக் காட்டுவார். கடைசலில் மரம் சுற்றும். அதன்மேல் நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால் உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி மினுமினுப்பு. அடுப்பும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம். “எந்த மரம் தெரியுமா? நம்ம கரட்டுல நிக்குதே வெட்பாலை, அதேதான்” என்றார். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. வெட்பாலை எங்களுக்கு மருந்து மரம். அதன் இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறும். பொடுகுக்கும் தோல் அரிப்புக்கும் ஆயா அதைத்தான் தடவும். ஆடு மேய்க்கிற கரட்டில் நாதியற்று நிற்கும் மரத்திலிருந்து இத்தனை வழவழப்பான மஞ்சள் இட்லிச் சட்டியும் சிவப்பு அம்மியும் வரும் என்றால்? அக்கா மட்டும் நம்பினாள். ஒரு வெட்பாலைக் கொம்பை ஒடித்துவந்து அரிவாள்மணையில் சீவிக்கொண்டிருந்தவளை அம்மா முதுகில் ஒன்று போட்டுக் கூட்டிப்போனாள்.

நிர்மல் ஊர் மர மாம்பழம் செய்த அக்கிரமம் வேறு. நாக்பூர் போகும் வழியில், இதே பழைய ஏழாம் நம்பர் ரோட்டிலேயே இருக்கிறது நிர்மல். லேசான மரத்தில் பழமும் காயும் செதுக்கி வர்ணம் பூசுவார்கள். காம்படியில் பால் வடிந்த கறைகூட இருக்கும். சித்திரை, வைகாசியில் எங்கள் பரணில் வைக்கோல் பரப்பி மாங்காய் பழுக்கப்போடும்போது நான் அதையும் நடுவில் ஒளித்துவைப்பேன். விருந்துக்கு வந்த மாமா அதைப் பார்த்து எடுத்து, அமுக்கிப் பார்த்து, “இன்னும் ரெண்டு நாள் ஆவணும்” என்று திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

இப்போது குதிரைக்கு வருகிறேன். அதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை நடந்தது.

துர்காப்பூரில் இரும்பு ஏற்ற வரிசையில் நின்ற சமயம், பக்கத்துப் பாங்குரா மாவட்டத்திலிருந்து வந்த சுடுமண் குதிரையை அப்பா பார்த்துவிட்டார். பாஞ்ச்முரா என்ற கிராமத்துக் குயவர்கள் செய்வது. நான்கு கால், கழுத்து, முகம் எல்லாவற்றையும் சக்கரத்தில் தனித்தனியாக வனைந்து ஒட்டுவார்கள். காதும் வாலும் தனி. இலை போல நீண்ட காதுகளைத் துளையில் செருகிக்கொள்ளலாம். அகில இந்தியக் கைவினைப் பொருள்களுக்கு அந்தக் குதிரைதான் சின்னம் என்பதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்பாவுக்குப் பிடித்தது அது கழன்று வருகிற காது. “பாரு, லாரியில போறதுக்குன்னே செஞ்சிருக்கான்” என்று காதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக் காட்டினார். நின்றால் என் இடுப்பு உயரம். கழுத்து விறைத்து, பல்லைக் காட்டிக்கொண்டு, கூடத்துக்கு நடுவில் நின்றது.

ஆயா வாசற்படியிலேயே நின்றுவிட்டது. உள்ளே வரவில்லை.

“இன்னாடா இது?”

“குதிரம்மா. வங்காளத்துக் குதிர.”

“குதிரன்னு எனக்குத் தெரியாதா? யாரு குதிரன்னு கேக்கறேன்.”

எங்கள் பக்கத்தில் சுடுமண் குதிரை என்றால் முனியப்பனுடையது. நேர்ந்துகொண்டு செய்து, கண் திறந்து, மேளத்தோடு கொண்டுபோய்க் கோயில் காட்டில் நிறுத்திவிட்டு வருவது. ராத்திரியில் சாமி அதில் ஏறி எல்லை சுற்றும். அதை வீட்டுக்குள் கட்டிவைத்தால் சாமி வந்து கதவைத் தட்டாதா? அப்பா, இது அழகுக்கு வைக்கிறது, பெரிய பெரிய ஆபீசர் வீட்டில் எல்லாம் வைத்திருக்கிறார்கள் என்றார். ஆயா அசையவில்லை. திண்ணையிலேயே படுத்தது, களியையும் திண்ணைக்கே கொண்டுவரச் சொன்னது. மூன்றாம் நாள் அப்பாவே குதிரையைத் தோளில் தூக்கிக்கொண்டு முனியப்பன் கோயிலுக்கு நடந்தார். பின்னால் நான், இரண்டு காதையும் இரண்டு கையில் பிடித்தபடி.

ஆயா சொன்னதுதான் சரி. பாங்குராவிலும் அந்தக் குதிரை அலங்காரத்துக்குப் பிறந்ததில்லை. தர்ம தாக்கூர் என்கிற கிராமத்துச் சாமிக்கும் மற்றத் தெய்வங்களுக்கும் நேர்ந்துகொண்டு மரத்தடியில் வைக்கிற குதிரை அது. அலங்காரக் கடைக்கு வந்தது பிறகுதான். ஆயாவுக்கு வங்காளம் எந்தத் திசை என்று தெரியாது. குதிரையின் நிற்பைப் பார்த்தே அது யாருடையது என்று சொல்லிவிட்டது.

இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது சகாரன்பூர்ப் பலகை விஷயத்தில். சீசம் மரத்தின் ஒரே பலகையை நடுவில் அறுத்து, கீல் இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கோத்து, விரித்தால் எக்ஸ் வடிவில் நிற்கிற புத்தகத் தாங்கி. விளிம்பெல்லாம் திராட்சைக் கொடி. தாத்தா அதைக் கண்டதும் தூக்கிக்கொண்டார். திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் படிக்கிறவர் அவர். எங்கள் பக்கத்தில் பாரதம் என்றால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து என்று ஊரே கூடிக் கிடக்கிற நாட்கள். அட்டை பிய்ந்த நல்லாப்பிள்ளை பாரதத்தை அந்தப் பலகையில் விரித்து வைத்துத் தாத்தா ராகம் இழுப்பார். ஒரு நாள் மெத்தை தைக்க வந்த பாய் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஐயா, இது குர்ஆன் வெச்சு ஓதுற பலகைங்க. ரெகால்னு சொல்லுவோம்.” தாத்தா கொஞ்சம் பதறிவிட்டார். “அப்ப நான் வெக்கக்கூடாதா?” என்று கேட்டார். பாய் பலகையை மடித்துப் பார்த்து, விரித்துப் பார்த்து, “புஸ்தகம் கீழ படக்கூடாதுன்னு செஞ்சதுதானே, வெய்யுங்க” என்று சொல்லிவிட்டுப் பஞ்சை அடிக்கப் போனார். ஆயா குதிரையை விடவில்லை. தாத்தா பலகையை விடவில்லை.

1984இல் ஒரு நடை. அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுடப்பட்டபோது அப்பா டெல்லிக்குப் போகும் வழியில் இருந்தார். போன் கிடையாது. முதலாளி வீட்டுக்கும் தகவல் இல்லை. அம்மா ரேடியோ பக்கத்திலிருந்து எழவே இல்லை. ராத்திரி கணவாய் ஏறி முக்கிக்கொண்டு வரும் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலுக்குப் போய் வந்தாள். அப்பா வந்து சேர்ந்தபோது தாடி வளர்ந்திருந்தது, கை வெறுமையாக இருந்தது. வழக்கமாகச் சாப்பிட்டுப் படுக்கும் ஒரு சர்தார்ஜி தாபா கரிந்து கிடந்ததாகச் சொன்னார். அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லையாம். அதற்கு முந்தின நடையில் அந்த சர்தார்ஜி பிடிவாதமாகக் கையில் திணித்து அனுப்பிய உயரமான பித்தளை லஸ்ஸித் தம்ளர் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. நாங்கள் அதில் மோர் குடிப்போம். அதற்குப்பிறகு அப்பா அதை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

டவுனில் முதலாளி வீட்டுக்குச் சம்பளம் வாங்கப் போகும்போது சிலசமயம் என்னைக் கூட்டிப்போவார். அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ். உள்ளே சலவைக்கல் தாஜ்மகால், யானைக் கூட்டம், ஜப்பான் பொம்மை, பிளாஸ்டிக் ரோஜா. தொடக்கூடாது. எங்கள் வீட்டுச் சாமான்களை நினைத்து எனக்குக் கூச்சமாக இருக்கும். ஜாடி விளிம்பு உடைந்தது, சொம்பு நரைத்தது, பாய் கிழிந்து ஓரம் தைத்தது. அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் தமிழையா அவ்வையாரின் தூதை நடத்தினார். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். எல்லாம் பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் தடவி, காவலுக்குள் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் அதியமானின் வேல்களோ குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் அவ்வை. புகழ்வதுபோல இகழ்ச்சி என்று அணி இலக்கணம் சொல்லிக்கொண்டிருந்தார் ஐயா. எனக்கு ஷோகேஸ் ஞாபகம் வந்து சிரிப்பு அடக்க முடியாமல் பெஞ்சு மேல் நிறுத்தப்பட்டேன். அதியமானின் தகடூர்தான் எங்கள் தருமபுரி. தகடூர்க்காரனுக்கு அந்தப் பாட்டு கொஞ்சம் கூடுதலாகவே இனிக்கும்.

பிற்காலத்தில் வேலை நிமித்தம் அகமதாபாத் போனபோது அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டேன். இந்திய அரசு கூப்பிட்டு, சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி 1958இல் கொடுத்த அறிக்கைதான் வித்து. 1961இல் நிறுவனம் தொடங்கியது. இந்த நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்த அவர்கள் அந்த அறிக்கையில் விழுந்து விழுந்து வியந்த பொருள் சாதாரணச் சொம்பு. எவ்வளவு பிடிக்கும், காலியாக எப்படி இருக்கும், நிறைந்தால் எப்படி இருக்கும், தலையில் வைத்தால், இடுப்பில் வைத்தால், எப்படிக் கழுவுவது, வாய்க்குள் கை போகுமா என்று கேள்வி கேள்வியாக அடுக்கியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு அம்மா குரலிலேயே கேட்டது. கூலி வாங்காமல் எங்கள் வீட்டில் தினமும் நடந்த பரீட்சை அது. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் பற்றிப் படம் போட்டுப் புத்தகங்கள் வருகின்றன, நல்லதுதான். ஒரு லாரிக்காரர் பேட்டாவை மிச்சம் பிடித்துச் சேர்த்த வீட்டைப் பார்க்க யாரும் கேமராவோடு வரவில்லை. வந்திருந்தால் அம்மா உள்ளே விட்டிருக்கமாட்டாள் என்பது வேறு.

ரோட்டை நாலு வழியாக்கியபோது திண்ணையும் பாதிக் கூடமும் போயின. மீதியை இடித்துவிட்டுத் தம்பி உள்ளே தள்ளி மாடி வீடு கட்டினான். சாமான்கள் பிரிந்தன. ஜாடிகள் ஓசூரில் அக்காவிடம். ரெகால் என்னிடம், அதில் இப்போது தாத்தாவின் பாரதத்தை வைக்க முடியாது, தொட்டால் உதிர்கிறது. சொம்பைக் கேட்டுச் சண்டை வராததற்குக் காரணம் அது இன்னும் அம்மாவின் பூஜை அலமாரியில் விளக்கெண்ணெயோடு இருப்பதுதான். தம்ளர் அப்பாவிடம்.

கிரகப்பிரவேசத்துக்குத் தம்பி ஒரு சோபா வாங்கியிருந்தான். வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்து குதித்துப் பார்த்தார்கள். கூட்டம் போனதும் அப்பா பழக்கதோஷத்தில் மெதுவாகக் குனிந்து, ஒரு பக்கத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். கறுப்புத் துணி ஒட்டி மூடியிருந்தது.

“எந்த ஊருடா இது?”

“ஓசூர் ஷோரூம்பா.”

“கட எந்த ஊருன்னு கேக்கல. மரம் எந்த ஊரு?”

தம்பி அட்டைப்பெட்டியைத் தேடிப்பிடித்துப் படித்தான். மலேசியா என்று போட்டிருந்தது, ரப்பர் மரம்.

“மலேசியாவா? அந்த ரூட்டு நான் ஓட்டுனதில்லியே” என்றார் அப்பா.

“அதான் வெலச் சீட்ட ஒழுங்கா படிச்சு வாங்கியாந்திருக்கான்” என்றாள் அம்மா சமையல்கட்டிலிருந்து.